கோட் சூட் முதல் ஷூ வரை: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

நல்ல கோட் சூட் ஒன்று உடுத்துவதால் கெடுவது குறைவு. பெரும்பாலும் கெடுவது இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலும், மூடிவைத்த அலமாரிக்கு உள்ளேயும்தான். அதிகச் சூடு, அதிக அழுத்தம், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்ட ஈரம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் கீழே வரும் கோளாறுகளில் பலவற்றுக்குக் காரணம். மிச்சம் பூச்சிகளின் வேலை. அதனால் ஒரு கறையோ சுருக்கமோ கண்ணில் பட்டவுடன் துவைக்கவோ தேய்க்கவோ ஓடாமல், அது எதனால் வந்தது என்று முதலில் பாருங்கள். காரணம் தெரிந்துவிட்டால் பல நேரங்களில் காற்றும் நீராவியும் ஒரு பிரஷும் போதும்.

கை வைக்கும் முன்

உடையைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கில் பளபளப்பும் தெரியாது, மங்கலும் தெரியாது. அடுத்து உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். வட்டம் என்றால் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியது. வட்டத்துக்குள் இருக்கும் எழுத்து எந்த முறையில் சுத்தம் செய்வது என்பதைக் கடைக்காரருக்குச் சொல்வது. வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் டிரை கிளீனிங் கூடாது. இஸ்திரிப் பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி இருந்தால் அதிகபட்சம் ஏறத்தாழ 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளிக்கு 150, மூன்று புள்ளிக்கு 200. கம்பளித் துணிக்குப் பொதுவாக இரண்டு புள்ளி. பாலியஸ்டர் கலப்பு அதிகமென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கீழே எங்கெல்லாம் வினிகர், ஆல்கஹால் என்று வருகிறதோ, அங்கெல்லாம் முதலில் பேன்ட்டின் உள்மடிப்பிலோ தையலுக்குள் மறைந்திருக்கும் ஓரத்திலோ ஒரு சொட்டு வைத்து, காய்ந்தபின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே தொடருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக மார்புப் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

முட்டியிலும் பின்புறத்திலும் துணி பளபளக்கிறது

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கம்பளி இழைகள் சப்பையாக நசுங்கியிருந்தால் அவை கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும். சூடான பெட்டியைத் துணிமேல் நேரடியாக வைத்து அழுத்தியதால் வருவது இது. இன்னொரு வகையில் இழைகளின் மேல்நுனி தேய்ந்தே போயிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து உராய்ந்ததால் வருவது. கண்டுபிடிக்க வழி எளிது. பளபளக்கும் இடம் பாக்கெட் ஓரம், தையல் மேடு, லேப்பல் (கோட்டின் மார்பில் வெளியே மடிந்திருக்கும் பட்டை) விளிம்பு என்று தடித்த இடங்களில் கோடுகோடாக இருந்தால் அது இஸ்திரியின் தடம். உட்காரும் இடத்திலும் முழங்கையிலும் பரவலாக, விளிம்பில்லாமல் இருந்தால் அது தேய்மானம்.

நசுங்கிய இழையை எழுப்பிவிடலாம். ஒரு பங்கு வெள்ளை வினிகரை நான்கைந்து பங்கு தண்ணீரில் கலந்து, சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியை அதில் நனைத்து நன்றாகப் பிழியுங்கள். அதைப் பளபளக்கும் இடத்தின் மேல் விரித்து, அதற்கும் மேலே இஸ்திரிப் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் பிடித்து நீராவியை உள்ளே இறக்குங்கள். அழுத்தவே கூடாது. ஈரத்துணியை எடுத்தவுடன், துணி சூடாக இருக்கும்போதே மென்மையான பிரஷால் முதலில் எதிர்த்திசையில், பிறகு சரியான திசையில் தடவிவிடுங்கள். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும்.

தேய்மானத்தில் வந்த பளபளப்பு இதனால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. இழையே இல்லாத இடத்தில் எதை எழுப்புவது? அங்கே செய்யக்கூடியது அது மேலும் வளராமல் பார்ப்பதுதான். ஒரே பேன்ட்டைத் தினமும் போடாமல் மாற்றிப் போடுவது அதற்குப் போதும். புதிதாகச் சூட் வாங்கும்போது இதற்காகவே இரண்டு பேன்ட் சேர்த்து வாங்குபவர்கள் உண்டு. அது சரியான கணக்கு, ஏனென்றால் கோட் தேய்வதற்குள் பேன்ட் தேய்ந்துவிடும்.

இங்கே துணியின் நயத்தையும் சொல்ல வேண்டும். சூப்பர் 100, சூப்பர் 150 என்று லேபிளில் வரும் எண் இழை எவ்வளவு மெல்லியது என்பதற்கான குறி. சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானைத் தாண்டக் கூடாது, சூப்பர் 150 என்றால் 16.25. எண் ஏற ஏறத் துணி மெத்தென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் பளபளக்கும், சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். தினசரி அலுவலகத்துக்குப் போட 150 வாங்கிவிட்டு உழைப்பு போதவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. அன்றாட உடைக்கு 100 அல்லது 110 போதும்.

கோட்டின் மார்புப் பகுதியில் குமிழ் குமிழாக எழும்பியிருக்கிறது

மழையில் நனைந்த பிறகோ டிரை கிளீனிங்கிலிருந்து வந்த பிறகோ இது கண்ணில் படும். கோட்டின் முன்பக்கம் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே ஒரு துணி இருக்கும். நடுத்தர விலைக் கோட்டுகளில் அது பசையால் ஒட்டப்பட்டது. டெய்லர்கள் இதை ஃப்யூசிங் என்பார்கள். உயர்ந்த வகையில் குதிரைமயிர் கலந்த கேன்வாஸைக் கையால் தைத்திருப்பார்கள். குமிழ் வருவது பசை விட்டுப்போன ஃப்யூசிங்கில்தான்.

உங்களுடையது எது என்று தெரிய, கீழ்ப்பொத்தானுக்குச் சற்றுக் கீழே வெளித்துணியை ஒரு கையாலும் உள்பக்கத் துணியை மறு கையாலும் கிள்ளி மெல்லப் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு துணி தனியாக நழுவுவது தெரிந்தால் கேன்வாஸ். வெளித்துணியே அட்டைபோல் தடித்து, நழுவ எதுவும் இல்லையென்றால் ஃப்யூசிங்.

குமிழ் சின்னதாக, ஒரே இடத்தில் இருந்தால் முயன்று பார்க்கலாம். ஈரத்துணியை மேலே விரித்து நீராவி கொடுத்து, உடனே தட்டையான மரக்கட்டையை அதன் மேல் வைத்து ஆறும்வரை அப்படியே விடுங்கள். பசை சூட்டில் இளகி, ஆறும்போது மறுபடி பிடிக்க வாய்ப்புண்டு. ஆனால் மார்பு முழுக்க அலை அலையாக எழும்பிவிட்டால் வீட்டில் எதுவும் பலிக்காது. ஊசியில் பசை ஏற்றிச் செலுத்தும் டெய்லர்கள் இருக்கிறார்கள். அந்த ஒட்டும் நீடிக்கும் என்று நம்பிவிட முடியாது. அந்தக் கோட்டுக்கு மேலும் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்து வாங்கும்போது மார்பிலாவது கேன்வாஸ் தைத்த அரைக்கேன்வாஸ் கோட் கிடைக்குமா என்று பாருங்கள். ஃப்யூசிங் கோட் இன்னும் நன்றாக இருப்பவர்கள் நனையவிடாமலும், அடிக்கடி டிரை கிளீனிங் போடாமலும் இருந்தால் அது பல ஆண்டுகள் வரும்.

தோளில் முளைபோல் ஒரு மேடு

மெல்லிய கம்பி ஹேங்கரின் வேலை. கோட்டின் மொத்த எடையும் அந்தக் கம்பி நுனியில் இறங்கி, துணியை மேலே தள்ளியிருக்கிறது. நீராவியை உள்பக்கமிருந்து காட்டி, விரலால் தடவிச் சமன்செய்து, அகன்ற ஹேங்கரில் மாட்டி ஆறவிடுங்கள். தோள் பஞ்சே மடங்கிப்போயிருந்தால் டெய்லரிடம் போக வேண்டியதுதான்.

ஹேங்கர் வாங்கும்போது மரமா பிளாஸ்டிக்கா என்பதைவிட வடிவம் முக்கியம். தோள் முனை 4 முதல் 5 சென்டிமீட்டர் தடிப்பாக, முன்னோக்கி லேசாக வளைந்திருக்க வேண்டும். அகலம் தோள் தையல் வரை போக வேண்டும். அதைத் தாண்டிக் கைக்குள் நுழைந்தால் கையில் மேடு விழும். அதற்கு ஓரிரு சென்டிமீட்டர் குறைவாக நின்றால் பாதகமில்லை.

லேப்பல் சப்பையாகப் படிந்துவிட்டது

லேப்பல் என்பது மடிக்கும் இடத்தில் கூர்மையான கோடு விழாமல், உருண்டு திரும்ப வேண்டியது. கடையில் யாரோ அதைக் காகிதம்போல் மடித்து அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். கோட்டை ஹேங்கரில் மாட்டி, மடிப்புக் கோட்டின் மேல் நீராவி காட்டி, லேப்பலை விரலால் மெல்ல உருட்டிவிட்டு அப்படியே ஆறவிடுங்கள். இனிமேல் கடையில் கொடுக்கும்போது லேப்பலை அழுத்த வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

பேன்ட்டில் இரண்டு மடிப்புக் கோடு, முட்டி தொங்குகிறது

கம்பளி இழை ஒரு புரதம். ஈரச் சூட்டில் அதன் உள்பிணைப்புகள் இளகும். ஆறிக் காயும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே இறுகும். தேய்த்த சூட்டோடு பேன்ட்டைத் தூக்கி மாட்டினால் கோடு கலைவதற்கும், வியர்த்து உட்கார்ந்த முட்டி புடைத்து நிற்பதற்கும் காரணம் இதுவே. இதைப் புரிந்துகொண்டால் சரிசெய்வதும் எளிது.

பழைய தவறான மடிப்புக் கோட்டை முதலில் அழியுங்கள். மேலே சொன்ன அதே வினிகர் நீரும் ஈரத்துணியும் போதும். பிறகு உள்தையலையும் வெளித்தையலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பேன்ட்டை மேசையில் கிடத்துங்கள். அப்போது முன்னாலும் பின்னாலும் மடிப்பு எங்கே விழுகிறதோ அதுதான் சரியான கோடு. ஈரத்துணி விரித்துப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள். முடிந்ததும் பேன்ட்டை அசைக்காமல் சில நிமிடம் அங்கேயே விடுங்கள். துணி தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் செய்ததெல்லாம் வீண்.

முட்டி தொங்கலுக்கு நீராவி காட்டி, உள்ளங்கையால் நடுவை நோக்கித் தள்ளி, பேன்ட்டைக் கால் விளிம்பில் கிளிப் போட்டுத் தலைகீழாக ஒரு இரவு தொங்கவிடுங்கள். இடுப்புப் பகுதியின் எடையே அதை நேராக்கிவிடும். கம்பளிக்கு இது நன்றாக வேலை செய்யும். பருத்திப் பேன்ட் ஒருமுறை துவைத்தால்தான் பழைய நிலைக்கு வரும்.

சுத்தமாகத் தெரிகிறது, ஆனால் வாடை அடிக்கிறது

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும். ஒரு நாள் போட்டுக் கழற்றிய கோட்டில் வியர்வை ஈரம் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. அதை அப்படியே அலமாரியில் நெருக்கி மாட்டினால் வாடை வருவது நிச்சயம். கழற்றியதும் பாக்கெட்டில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு, அகன்ற ஹேங்கரில் மாட்டி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு இரவு விடுங்கள். பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டித் துடையுங்கள். மறுபடி உடுத்த ஒரு நாளாவது இடைவெளி கொடுங்கள்.

வாடை ஏற்கெனவே ஏறியிருந்தால் அது பெரும்பாலும் அக்குள் லைனிங்கில்தான் இருக்கும். கோட்டைத் திருப்பி, அந்த இடத்தில் மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். வியர்வை உப்பு தண்ணீரில் கரையும். நாடகக் குழுக்களில் துவைக்க முடியாத உடைகளுக்கு வோட்காவைத் தெளித்துக் காயவிடும் பழக்கம் உண்டு. ஆல்கஹால் ஆவியாகும்போது வாடையையும் கூட்டிக்கொண்டு போகும், வாடைக்குக் காரணமான கிருமிகளும் குறையும். அதுவும் லைனிங்கின் மூலையில் சோதித்த பிறகே. வாசனைத் திரவியம் அடித்து மறைக்க வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் லைனிங்கில் கறையாகத் தங்கும்.

டிரை கிளீனிங் கொடுத்தும் வாடை போகவில்லை என்றால் கடைக்காரரைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அங்கே தண்ணீருக்குப் பதில் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களில் துவைக்கிறார்கள். எண்ணெயும் பிசுக்கும் அதில் அழகாகக் கரையும். வியர்வை உப்பு அவ்வளவாகக் கரையாது. கொடுக்கும்போது வியர்வை என்று சொன்னால் அந்த இடத்தை அவர்கள் தனியாகக் கவனிப்பார்கள். குளிர்பானம், பழச்சாறு சிந்தியிருந்தால் கறை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சொல்லிவிடுங்கள். உள்ளே தங்கிய சர்க்கரை இஸ்திரிச் சூட்டில் பழுப்பாக மாறி, பிறகு எடுக்கவே முடியாத கறையாகும். கோட்டையும் பேன்ட்டையும் எப்போதும் ஒன்றாகவே கொடுங்கள், இல்லாவிட்டால் நாளடைவில் இரண்டும் இரண்டு நிறமாகிவிடும்.

எத்தனை முறை கொடுப்பது? கறையோ போகாத வாடையோ இருந்தால் மட்டும். ஒவ்வொரு முறை போட்ட பிறகும் கொடுப்பது துணிக்கும் நல்லதல்ல, உள்ளே இருக்கும் பசைக்கும் நல்லதல்ல. பெர்குளோரோஎத்திலீன் உடம்புக்கும் தீங்கானது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் அதை டிரை கிளீனிங்கிலிருந்து பத்தாண்டில் படிப்படியாக விலக்க விதி கொண்டுவந்தது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையை வீட்டுக்குள் நுழைந்ததுமே கழற்றி, உடையைச் சன்னல் அருகில் சில மணி நேரம் ஆறப்போட்டுவிட்டு அலமாரிக்குக் கொண்டுபோங்கள். அந்த உறை கடையிலிருந்து வீடு வரை தூசி படாமலிருக்கத்தான். சேமிப்புக்கு அது ஆகாது.

சின்னச் சின்ன ஓட்டைகள்

உடனே அந்துப்பூச்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஓட்டை எங்கே, எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

பெல்ட் கொக்கி படும் இடம், பாக்கெட் ஓரம், தொடை உராயும் இடம் என்றால் அது தேய்மானம். ஓரம் கருகி இறுகியிருந்தால் தீப்பொறி. பருத்திச் சட்டையில், அதுவும் கஞ்சி போட்ட சட்டையில், ஓட்டை முழுதாக விழாமல் மேலாகச் சுரண்டினதுபோல் இருந்தால் ராமபாணப் பூச்சி. அது மாவுப்பொருளைத் தேடி வரும். நீண்ட நாள் வைக்கப்போகும் சட்டைக்குக் கஞ்சி போடாமலிருந்தால் அது பாதித் தீர்வு. கம்பளியில் ஒழுங்கற்ற ஓட்டைகள், பக்கத்தில் சிலந்திவலைபோல் மெல்லிய நூல், துணியின் நிறத்திலேயே மணல்போன்ற துகள், இவை இருந்தால் அந்துப்பூச்சிதான். நூல் இல்லாமல், ரோமம் உள்ள சின்னப் பழுப்புப் புழுத்தோல்கள் உதிர்ந்து கிடந்தால் கம்பள வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே.

பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. வளர்ந்த பிறகு அதற்குச் சாப்பிட வாயே கிடையாது. தின்பது அதன் புழு. அது கம்பளி, பட்டு, ரோமம் போன்ற விலங்குப் புரதத்தைத்தான் தின்னும். பாலியஸ்டரும் பருத்தியும் அதற்கு உணவல்ல. ஆனால் வியர்வையும் சிந்திய சாப்பாடும் படிந்திருந்தால் அந்தத் துணியையும் சேர்த்துக் கடிக்கும். அழுக்கோடு உள்ளே வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். இன்னொன்று, அதற்கு இருட்டும் அமைதியும் வேண்டும். வாரம் இரண்டு முறை எடுத்துப் போடும் கோட்டில் அது குடியேறாது. ஆண்டுக்கு ஒருமுறை தொடும் கோட்டைத்தான் தேடிப்போகும். புழுப் பருவம் சூழ்நிலையைப் பொறுத்து இரண்டு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேல்கூட நீளும், அதனால் ஒருமுறை தட்டி உதறிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

செய்ய வேண்டியது இது. அலமாரியை முழுதாகக் காலி செய்யுங்கள். ஒவ்வொரு உடையையும் வெளியே கொண்டுபோய், காலருக்கு அடியில், பாக்கெட் மூடிக்குக் கீழ், பேன்ட் உள்மடிப்பில் எல்லாம் பிரஷ் போடுங்கள். முட்டை ஒளிந்திருப்பது அங்கேதான். அலமாரியின் இடுக்கு, மூலை, அடித்தட்டு எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, உள்ளிருக்கும் குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கம்பளி உடைகளை டிரை கிளீனிங் கொடுத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். அது வேண்டாமென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு பையைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியில் நீராகப் படியும்.

அந்துருண்டையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன்: வேண்டாம். அதிலுள்ள நாஃப்தலீனின் ஆவி மூடிய பெட்டிக்குள் அடர்த்தியாகச் சேர்ந்தால்தான் புழுவைக் கொல்லும். அடிக்கடி திறக்கும் அலமாரியில் அது போதாது. துணியில் வாடை வருகிறது என்றால் நீங்கள் அதைச் சுவாசிக்கிறீர்கள் என்று பொருள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2008 முதல் நாஃப்தலீன் உருண்டைகளை விற்க விடுவதில்லை. வேறுவேறு வகை உருண்டைகளை ஒன்றாகப் போடுவது இன்னும் மோசம், இரண்டும் சேர்ந்து இளகித் துணியில் கறையாக வடியும். தேவதாருக் கட்டையின் வாசனை பூச்சியை ஓரளவு தள்ளிவைக்கும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. வாசனை குறைந்தால் உப்புத்தாளால் மேலே லேசாகத் தேய்த்துப் புதுப்பிக்கலாம். கடையில் கிடைக்கும் ஒட்டுப்பொறி ஆண்பூச்சிகளை மட்டும் பிடிக்கும். பூச்சி இருக்கிறதா என்று அறிய அது உதவும், ஒழிக்க அல்ல. நம்பகமான வழி, சுத்தமாக்கிய உடையைச் ஜிப் வைத்த பருத்தி உறைக்குள் இறுக மூடுவதும், மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பிரஷ் போடுவதும்தான்.

விழுந்துவிட்ட ஓட்டையைக் கோட்டின் உள்தையலிலிருந்தே இழை உருவி டார்னிங் செய்துதர ஆட்கள் உண்டு. சின்ன ஓட்டையென்றால் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குச் செய்வார்கள். ஆனால் பூச்சியை ஒழித்த பிறகே கொடுங்கள்.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம்

காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டிப் பல நாள் நின்றால் பூசணம் வரும். உடையை அறைக்குள் தட்டாதீர்கள், வித்துகள் மற்ற உடைகளுக்குப் பரவும். மூக்கை மூடிக்கொண்டு, வெளியே கொண்டுபோய், முதலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பூசணம்தான் பிரஷுக்கு உதிரும், ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழைக்குள் இறங்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒரு மணி நேரம் வெயில் காட்டலாம், நாள் முழுக்க வேண்டாம், நிறம் வெளுக்கும். பிறகு டிரை கிளீனிங். பழுப்புப் புள்ளிகள் மிஞ்சியிருந்தால் அவை பெரும்பாலும் நிரந்தரம்.

உடையைச் சுத்தம் செய்துவிட்டு அதே அலமாரியில் வைத்தால் மறுபடி வரும். உள்சுவரை ஆல்கஹாலில் துடைத்து, கதவைத் திறந்தே ஒரு நாள் விட்டு, அலமாரியை வெளிச்சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள். கோட்டுகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். சிலிக்கா ஜெல் பைகள் உதவும். ஆனால் அவை ஈரம் குடித்து நிறைந்த பிறகு காயவைத்துத் திரும்ப வைக்காவிட்டால் வெறும் அலங்காரம்தான். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை உள்ளே வைப்பது இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது.

வெள்ளைச் சட்டையின் அக்குள் மஞ்சள்

வியர்வைக்கு நிறமில்லை. வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்பு வியர்வையோடும் உடம்பு எண்ணெயோடும் சேர்வதால் வருவது இந்த மஞ்சள். பலரும் முதலில் குளோரின் பிளீச்சைத்தான் எடுக்கிறார்கள். அது இந்தக் கறையை இன்னும் மஞ்சளாக்கும். கசங்காத சட்டைகளில் உள்ள ரெசின் பூச்சையும் மஞ்சளாக்கிவிடும். அதற்குப் பதில், முதலில் வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். அடுத்து, சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் பிளீச்சை 40 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சில மணி நேரம் ஊறப்போட்டுத் துவைக்கவும். இது பருத்திக்கு மட்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் கூடவே கூடாது. கறை போனதா என்று பார்த்த பிறகுதான் இஸ்திரி. சூடு பட்டால் மிச்சக் கறை உறைந்துவிடும்.

காலர் ஓரக் கருப்புக்கு, உடம்பு எண்ணெய்தான் காரணம் என்பதால், பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்துக் கால்மணி நேரம் விட்டால் போதும். சுத்தமாக வைத்த சட்டை சில மாதத்தில் தானாக மஞ்சளாகிறது என்றால், ஒருமுறை போட்டுவிட்டுத் துவைக்காமல் மடித்ததாக இருக்கும். காலர் மடிப்பில் துணி பிய்ந்திருந்தால் சட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தால் மறுபக்கம் புதிதாக இருக்கும்.

டை முறுக்கிக்கொள்கிறது

முடிச்சை அவிழ்க்காமல் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கழற்றுவதால் உள்துணி நகர்ந்துவிடுகிறது. கட்டிய வரிசைக்கு நேர்மாறாக ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, தளர்வாகச் சுருட்டி ஒரு இரவு வையுங்கள், சுருக்கம் போய்விடும். பின்பக்கம் தொங்கும் ஒற்றை நூலை வெட்டிவிடாதீர்கள். டை முழுவதையும் பிடித்து நிறுத்தும் தையல் நூல் அது. பட்டு டையில் சாப்பாட்டுக் கறை பட்டால் தண்ணீர் வைத்துத் தேய்க்காமல், உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டுக் கடைக்குக் கொடுங்கள். தண்ணீர் தனியாக ஒரு வளையத்தை விட்டுவிடும். பின்னல் டையைத் தொங்கவிட்டால் நீண்டுபோகும், அதை மடித்துத்தான் வைக்க வேண்டும்.

ஷூவில் வெள்ளைப் படலம், சோல் உதிர்கிறது

வெள்ளைப் படலம் எல்லாமே பூசணம் அல்ல. தோல் பதனிடும்போது சேர்த்த கொழுப்பு மேலே வந்து உறைந்தாலும் இப்படித்தான் இருக்கும். முடி உலர்த்தியால் சில நொடி இளஞ்சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்துவிட்டுப் பாலிஷ் போடலாம். அப்படியே இருந்தால், அதோடு மக்கல் வாடையும் வந்தால் பூசணம். வெளியே வைத்துத் துடைத்து, உள்ளேயும் ஆல்கஹால் ஒற்றி, நிழலில் காயவிட்டு, தோல் கண்டிஷனர் தடவுங்கள். அலை அலையாக வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அது நனைந்து காய்ந்ததில் தங்கிய உப்பு. நீர்த்த வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். நனைந்த ஷூவை ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே காகிதம் திணித்து, ஈரமானதும் மாற்றி, காய்ந்த பின் மர அச்சு வையுங்கள்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஷூவை முக்கியமான நாளன்று போட்டு நடக்கும்போது சோல் துண்டு துண்டாக உதிர்ந்தால் அது பாலியூரித்தேன் சோல். காற்றின் ஈரம் அந்தப் பொருளை மெல்ல மெல்ல முறித்துவிடும். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும், அதனால் புதியது என்று நம்ப வேண்டாம். ஒட்ட முயல்வதில் பலனில்லை, மேல்தோல் நன்றாக இருந்தால் ரப்பர் அல்லது தோல் சோல் மாற்றிப் போடலாம். பல ஆண்டு எடுக்காத ஷூ என்றால் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, சோலைக் கட்டைவிரலால் அழுத்தியும் வளைத்தும் பாருங்கள். ஒட்டிக்கொண்டாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, அப்போதே செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் நேரத்துக்குக் கிடைத்துவிடும்.